சி3 கட்டத்தைக் காத்த இரண்டு நகர்த்தல்கள்: கார்ப்போவ் – கொர்ச்னோய், மாஸ்கோ 1974

19-வது நகர்த்தலில் அனத்தோலி கார்ப்போவ் தன் யானையை டி1-இலிருந்து டி3-க்கு, இரண்டே கட்டம், முன்னே வைத்தார். செக் இல்லை. எதையும் வெட்டவில்லை. பார்வைக்கு ஒரு மிரட்டல்கூட இல்லை. அதற்கப்புறம் எட்டே நகர்த்தல்களில் விக்டர் கொர்ச்னோய் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சில பிள்ளைகளுக்கு செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த ஆட்டத்தைப் பலகையில் ஓட்டிக்காட்டும்போது அவர்களுக்குக் கண் விரிவது 20-வது நகர்த்தலுக்கு மேல்தான். சிப்பாய் பலி, யானை முன்னேற்றம், ராணி எச்8-இல் போய் இறங்குவது என்று அடுத்தடுத்து வெடி. எனக்கும் அந்த வயதில் அதுதான் பிடித்தது. பல வருடம் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்ததில், இந்த ஆட்டம் ஜெயித்தது 16-வது நகர்த்தலிலும் 19-வதிலும்தான் என்று எனக்கு உறுதிப்பட்டிருக்கிறது. இரண்டுமே சி3 என்ற ஒரே கட்டத்தைக் காப்பதற்காகச் செய்தவை. அதை நகர்த்தல் நகர்த்தலாகக் காட்டத்தான் இதை எழுதுகிறேன். பலகையை எடுத்து வைத்துக்கொண்டு வாசித்தால் நல்லது.

படிக்கும் முறை: வெள்ளைப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச் என்று எட்டு வரிசைகள், கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை. கோட்டை வடிவக் காயை யானை என்றும், மூலைவிட்டத்தில் போகிற காயை மந்திரி என்றும் எழுதுகிறேன். பெருக்கல் குறி என்றால் வெட்டு. எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி இருந்தால் அது கறுப்பின் நகர்த்தல்; ஆச்சரியக்குறி நல்ல நகர்த்தலுக்கு. கேஸ்லிங் என்றால் ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் சேர்த்து நகர்த்துவது.

யார், எங்கே, எதற்காக

1974-ஆம் ஆண்டு கேண்டிடேட்ஸ் இறுதிப் போட்டி. செப்டம்பரில் மாஸ்கோவில் தொடங்கி நவம்பர் வரை நீண்டது. மொத்தம் 24 ஆட்டங்கள். இதில் ஜெயிப்பவர் அடுத்த ஆண்டு உலக சாம்பியன் பாபி ஃபிஷரோடு மோத வேண்டும். கார்ப்போவ் காலிறுதியில் பொலுகாயேவ்ஸ்கியையும் அரையிறுதியில் முன்னாள் உலக சாம்பியன் ஸ்பாஸ்கியையும் வென்று வந்திருந்தார். கொர்ச்னோய் பிரேசிலின் மெக்கிங்கையும், இன்னொரு முன்னாள் உலக சாம்பியனான பெட்ரோசியானையும் வென்று வந்திருந்தார்.

கார்ப்போவுக்கு வயது 23. யூரல் பகுதியிலுள்ள ஸ்லாதொவுஸ்த் ஊர்க்காரர். செம்யோன் ஃபுர்மன் அவருடைய பயிற்சியாளர். கொர்ச்னோய்க்கு 43. லெனின்கிராடில் பிறந்து, இரண்டாம் உலகப் போரின்போது அந்த நகரம் முற்றுகையிடப்பட்டிருந்த காலத்தைச் சிறுவனாகக் கடந்து வந்தவர். சோவியத் சாம்பியன் பட்டத்தை நான்கு முறை வென்றவர். ஒருவர் எதிராளியின் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்து மூச்சுவிட இடமில்லாமல் செய்கிறவர்; மற்றவர் சிப்பாயை வாங்கிக்கொண்டு, விழுகிற அடியைத் தாங்கி, கடைசியில் திருப்பி அடிக்கிறவர். முதல் ஆட்டம் சமனில் முடிந்தது. இரண்டாவதில் கார்ப்போவுக்கு வெள்ளை.

டிராகன்

1. ஈ4, சி5
2. குதிரை எஃப்3, டி6
3. டி4, சி×டி4
4. குதிரை×டி4, குதிரை எஃப்6
5. குதிரை சி3, ஜி6

இது சிசிலியன் தற்காப்பின் டிராகன் வகை. கறுப்பின் டி6, ஈ7, எஃப்7, ஜி6, எச்7 சிப்பாய்களைக் கோடிழுத்துப் பார்த்தால் வானத்து டிராகன் விண்மீன் கூட்டம்போல வளைந்திருக்கும். ரஷ்ய வீரர் ஃபியோதர் துஸ்-ஹோதிமிர்ஸ்கிதான் இந்தப் பெயரை வைத்தவர் என்று சொல்வார்கள். இந்தத் தற்காப்பின் உயிர் ஜி7-இல் உட்காரும் மந்திரியில் இருக்கிறது. அங்கிருந்து டி4, சி3, பி2 என்று நீள மூலைவிட்டம் முழுக்க அது குறிபார்த்துக்கொண்டிருக்கும்.

கொர்ச்னோய் வழக்கமாக டிராகன் ஆடுகிறவர் அல்ல. ஈ4-க்கு எதிராக அவருடைய நம்பிக்கை பிரெஞ்ச் தற்காப்பின் மேல்தான். போட்டியின் முதல் மோதல்களிலேயே இளைஞனை உலுக்கிப் பார்ப்போம் என்று எண்ணியிருப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் டிராகனில் வெள்ளை எப்படித் தாக்க வேண்டும் என்பது அப்போதே நன்றாகத் தெரிந்த விஷயம். 1958-இல் போர்ட்டோரோஸில் ஃபிஷர் 15 வயதில் டென்மார்க்கின் லார்சனை இதே வழியில் வீழ்த்தியிருந்தார். நன்றாக உழுத நிலத்தில் கார்ப்போவை எதிர்கொள்வது சுலபமான காரியமில்லை.

6. மந்திரி ஈ3, மந்திரி ஜி7
7. எஃப்3, குதிரை சி6
8. ராணி டி2, சிறு கேஸ்லிங்
9. மந்திரி சி4, மந்திரி டி7
10. எச்4, யானை சி8
11. மந்திரி பி3, குதிரை ஈ5
12. பெரிய கேஸ்லிங், குதிரை சி4
13. மந்திரி×சி4, யானை×சி4

இது யூகோஸ்லாவ் தாக்குதல். வெள்ளை ராஜா ஒரு ஓரத்தில், கறுப்பு ராஜா மறு ஓரத்தில். வெள்ளை எச் வரிசையைத் திறந்து மேட் பார்க்கும். கறுப்பு சி வரிசையில் யானைகளை அடுக்கி வெள்ளை ராஜாவின் வாசலை உடைக்கும். யார் முந்துகிறார் என்பதுதான் கேள்வி. ஒரு நகர்த்தல் வீணானாலும் விலை கொடுக்க வேண்டும்.

12-வதில் சி4-க்கு வந்த குதிரை டி2 ராணியையும் ஈ3 மந்திரியையும் ஒன்றாகத் தாக்கியது. அதனால் இரண்டு நகர்த்தல் செலவழித்து வளர்த்த வெள்ளைக் கட்ட மந்திரியைக் கார்ப்போவ் அந்தக் குதிரைக்குக் கொடுத்தார். ஈ3 மந்திரியை அவர் கொடுக்கமாட்டார். ஜி7-இல் இருக்கும் டிராகனின் மந்திரியைப் பலகையைவிட்டுத் தூக்க அது ஒன்றால்தான் முடியும்.

14. எச்5, குதிரை×எச்5
15. ஜி4, குதிரை எஃப்6

ஒரு சிப்பாயைக் கொடுத்து எச் வரிசையைத் திறந்தாயிற்று. எச்1 யானை இப்போது நேராக எச்7-ஐப் பார்க்கிறது.

16-வது நகர்த்தல்

இங்கேதான் நான் பிள்ளைகளை நிறுத்திக் கேட்பேன்: "நீங்களாக இருந்தால் என்ன ஆடுவீர்கள்?" பத்துக்கு ஒன்பது பேர் மந்திரியை எச்6-இல் வைப்பார்கள். நியாயமான ஆசை. டிராகன் மந்திரியை மாற்றிவிட்டு ராணியை எச்6-க்குக் கொண்டுவந்தால் மேட் பக்கத்தில் வந்துவிடுமே.

ஆனால் உடனே 16. மந்திரி எச்6 என்றால் கறுப்பு 16... குதிரை×ஈ4 என்று பாயும். அந்தக் குதிரையை வெள்ளைக் குதிரை வெட்டினால், சி4 யானை டி4-இலிருக்கும் குதிரையை வெட்டிக்கொண்டு வெள்ளை ராணியின் எதிரில் வந்து நிற்கும். டி4 குதிரை காற்றில் தொங்குகிறது. சி4-இலிருக்கும் யானை அதைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே இருக்கிறது. இன்னொரு தொல்லை சி3. அங்கிருக்கும் குதிரையைக் கறுப்பு யானை வெட்டினால் வெள்ளை பெரும்பாலும் பி2 சிப்பாயால்தான் திருப்பி வெட்ட வேண்டியிருக்கும். கணக்குப்படி யானைக்குக் குதிரை, வெள்ளைக்கு லாபம். நிஜத்தில் ராஜாவின் முன்சுவர் பெயர்ந்துவிடும், ஜி7 மந்திரியும் ஏ5-க்கு வரப்போகிற ராணியும் உள்ளே புகுந்துவிடும். சிசிலியன் ஆடுகிறவர்களுக்கு சி3-இல் யானையைப் பலி கொடுப்பது அன்றாட ஆயுதம்.

கார்ப்போவ் தாக்குதலை ஒரு மூச்சு நிறுத்தினார்.

16. டி4 குதிரை ஈ2!

நடுப்பலகையில் நின்ற குதிரை பின்வாங்கியது. சி4 யானைக்கு டி4-இல் இனி எதுவும் இல்லை. சி3-இல் யானை வெட்டினால் இந்த ஈ2 குதிரை திருப்பி வெட்டும். பி2 சிப்பாய் அசைய வேண்டியதில்லை. சுவர் அப்படியே நிற்கும். ஒரே பின்வாங்கலில் கறுப்பின் இரண்டு எதிர்த்தாக்குதல்கள் செத்துப்போயின. மந்திரி எச்6 இனிமேல் பயமில்லாமல் ஆடலாம்.

16... ராணி ஏ5
17. மந்திரி எச்6, மந்திரி×எச்6
18. ராணி×எச்6, எஃப்8 யானை சி8

கறுப்பு எல்லாக் காயையும் சி3-க்கு எதிராகக் குவித்திருக்கிறது. சி4-இல் ஒரு யானை, சி8-இல் ஒன்று, ஏ5-இல் ராணி. மறுபக்கம் வெள்ளை ராணி எச்6-இல், யானை எச்1-இல். இரண்டும் எச்7-ஐக் குறிவைக்கின்றன. எச்7-க்கு ராஜாவைத் தவிர ஒரே காவல் எஃப்6 குதிரை. அது எச் வரிசையை அடைக்காமல் நகர்ந்தாலோ கட்டாயப்படுத்தி நகர்த்தப்பட்டாலோ, ராணி எச்7-ஐ வெட்டி செக், ராஜா எஃப்8, ராணி எச்8, மேட். சி8-இல் யானை இருந்தும் ராஜாவுக்கு ஓட இடமில்லை; ஈ7-ஐயும் எஃப்7-ஐயும் அதன் சொந்தச் சிப்பாய்களே அடைத்திருக்கின்றன. இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீதி ஆட்டம் முழுக்க இதைச் சுற்றியே நடக்கிறது.

19-வது நகர்த்தல்

சரி, அப்படியானால் ஜி5 தள்ளி அந்தக் குதிரையை விரட்டலாமே? 19. ஜி5 என்றால் குதிரை எச்5-இல் போய் எச் வரிசையை அடைத்துக்கொள்ளும். அதைக் கிளப்ப ஈ2 குதிரை எஃப்4-க்கோ ஜி3-க்கோ போக வேண்டும். போன மறுநொடி சி3-க்குக் காவல் இல்லை. யானை சி3-இல் விழும். 16-வது நகர்த்தலில் காவலுக்கு வந்த குதிரை அந்தக் காவல் வேலையிலேயே கட்டுண்டு கிடக்கிறது. தாக்குதலுக்கு ஒரு காய் குறைகிறது.

அதுவரை தெரிந்த வழி 19. யானை டி5. யானை ராணியைத் தாக்கும். கறுப்பு ராணி டி8-க்குத் திரும்பி, தேவைப்பட்டால் எஃப்8-க்கு வந்து எச்6 ராணியை எதிர்கொள்ளும். தானே ராணியைத் தற்காப்புக்கு அனுப்பிவைப்பதுபோல ஆகிவிடும்.

19. யானை டி3!

இதை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் யானை மூன்றாம் வரிசை வழியாக எச்3-க்குப் போகப்போகிறது என்று நினைப்பார்கள். போக முடியாது, எஃப்3-இல் வெள்ளையின் சொந்தச் சிப்பாய் நிற்கிறது. டி3-இல் அந்த யானை செய்வது ஒரே வேலை: பக்கவாட்டில் சி3-ஐக் காப்பது. அவ்வளவுதான். இனி ஈ2 குதிரைக்கு விடுதலை. ஜி5, குதிரை எச்5, குதிரை எஃப்4 என்பது இப்போது நிஜமான மிரட்டல். ஏ5 ராணியை யாரும் தொடவில்லை. அது பலகையின் மறு மூலையில், ராஜாவுக்கு உதவாத இடத்தில், அப்படியே நிற்கிறது. டி3-க்கும் டி5-க்கும் இரண்டு கட்ட வித்தியாசம்தான். ஆனால் டி5 எதிராளியை நல்ல இடத்துக்குத் துரத்துகிறது. டி3 அவரைத் தவறான இடத்திலேயே உட்காரவைக்கிறது.

வீட்டிலேயே தயாரித்துக் கொண்டுவந்த நகர்த்தல் இது. அதற்காக இதன் மதிப்பு குறைந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. கணினி இல்லாத காலம். மரப்பலகையும் கண்ணும் மட்டும் வைத்துக்கொண்டு, முழுத் தாக்குதலின் நடுவே இப்படி அடங்கிய ஒரு நகர்த்தலைக் கண்டுபிடிப்பதற்கு எதிராளியின் பக்கம் உட்கார்ந்து யோசிக்கும் பழக்கம் வேண்டும்.

19... சி4 யானை சி5

கொர்ச்னோயின் எண்ணம் புரிகிறது. ஐந்தாம் வரிசையைப் பிடித்துக்கொண்டால் ஜி5-உம் டி5-உம் கட்டுக்குள் இருக்கும். ஆனால் ஆட்டம் கைநழுவியது இங்கேதான். ராணியை டி8-க்கு அழைத்து ராஜாவின் பக்கத்தில் வைத்திருந்தால் வெள்ளை இன்னும் நிறைய உழைக்க வேண்டியிருந்திருக்கும் என்பது என் கணிப்பு. தாக்குகிற வீரருக்கு, தாக்குதலுக்கு அனுப்பிய ராணியைத் திரும்ப அழைக்க மனம் வராது. கறுப்பில் நான் தோற்ற ஆட்டங்களில் பாதியில் அந்த மனம்தான் காரணம்.

வெடி

20. ஜி5!, யானை×ஜி5

குதிரையை எச்5-க்கு அனுப்பினால் வெள்ளைக் குதிரை எஃப்4-க்கு வந்து அதைப் பிடித்துக்கொள்ளும். இப்போது அது தாராளமாக வரலாமே. அதனால் கொர்ச்னோய் யானையால் சிப்பாயை வெட்டினார். அந்த யானை சி வரிசையைவிட்டு வெளியேறியது. கார்ப்போவுக்கு வேண்டியதும் அதுதான்.

21. யானை டி5!, யானை×டி5

அதே யானை இப்போது டி5-க்குப் பாய்கிறது. இரண்டு நகர்த்தலுக்கு முன்னால் தவறாக இருந்த கட்டம் இப்போது சரியான கட்டம். குதிரையால் இதை வெட்ட முடியாது. 21... குதிரை×டி5 என்றால் 22. ராணி×எச்7 செக், ராஜா எஃப்8, 23. ராணி எச்8 மேட். முன்னே சொன்ன படம் அப்படியே.

22. குதிரை×டி5, யானை ஈ8

கொஞ்சம் நின்று எண்ணிப் பார்க்கலாம். வெள்ளைக்கு ஐந்து சிப்பாய்கள், கறுப்புக்கு ஏழு. இரண்டு சிப்பாய் குறைவு. ஆனால் சி வரிசையில் அடுக்கியிருந்த யானைகளில் ஒன்று பலகையில் இல்லை. மற்றது ஈ7 சிப்பாயைக் காக்க ஈ8-க்கு ஓடிவந்திருக்கிறது. அது வந்திருக்காவிட்டால் குதிரை ஈ7-ஐ வெட்டி ராஜாவையும் யானையையும் சேர்த்துப் பிடித்திருக்கும். கறுப்பின் தாக்குதல் முழுவதும் கரைந்துவிட்டது. இத்தனை நேரம் கட்டிக்காத்த சி3 கட்டம் இப்போது காலி. அங்கிருந்த குதிரை டி5-இல், எதிராளியின் வீட்டு வாசலில் நிற்கிறது.

23. ஈ2 குதிரை எஃப்4, மந்திரி சி6

அந்த ஈ2 குதிரை கடைசியில் எழுந்துவிட்டது. மிரட்டல் இது: டி5 குதிரை எஃப்6-ஐ வெட்டி, ஈ சிப்பாய் திருப்பி வெட்டியதும், எஃப்4 குதிரை டி5-க்கு வரும். அங்கிருந்து ஈ7-ஐ அடைக்கும். ராணி எச்7, எச்8 என்று இறங்கினால் ராஜாவுக்குத் தப்ப வழியில்லை. கொர்ச்னோய் மந்திரியை சி6-க்குக் கொண்டுவந்து டி5-க்குக் காவல் போட்டார். நல்ல பதில்தான்.

இப்போது வெள்ளை 24. குதிரை×எஃப்6 செக், ஈ×எஃப்6, 25. குதிரை எச்5 என்று இன்னொரு வழியில் ஜி7 மேட்டை மிரட்டலாம் என்று தோன்றும். தோன்றினால் விழுந்தோம். ஏ5-இல் தூங்குவதுபோல் கிடக்கும் கறுப்பு ராணி ஐந்தாம் வரிசை வழியாக ஒரே ஓட்டமாக ஜி5-க்கு வந்து செக் வைக்கும். எஃப்4 காலியாகிவிட்டதால் ஜி5-இலிருந்து சி1 ராஜா வரை மூலைவிட்டம் திறந்திருக்கும். ராணிகள் மாறிவிடும், மேட் தாக்குதல் முடிந்தது.

24. ஈ5!!

இந்த ஆட்டத்தில் எனக்குக் கண் கலங்கவைக்கிற நகர்த்தல் இதுதான். ஒரு சிப்பாய் ஒரு கட்டம் முன்னே போய் ஐந்தாம் வரிசையின் குறுக்கே உட்காருகிறது. ராணி ஜி5-க்கு வரும் வழி அடைபட்டது. 16-இலும் 19-இலும் சி3-ஐக் காத்து எதிராளியின் பாதையை மூடியவர், மேட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதும் அதையே செய்கிறார்.

24... டி×ஈ5 என்றால் 25. குதிரை×எஃப்6 செக், ஈ×எஃப்6, 26. குதிரை எச்5. இப்போது ராணிக்கு வழியில்லை. குதிரையை ஜி சிப்பாய் வெட்டினால் 27. யானை ஜி1 செக், ராஜா எச்8, 28. ராணி ஜி7 மேட். 24... குதிரை×டி5 என்றால் மறுபடி எச்7, எச்8, மேட். ஈ8-இல் கறுப்பின் சொந்த யானையே ராஜாவுக்கு முட்டுக்கட்டை.

24... மந்திரி×டி5
25. ஈ×எஃப்6, ஈ×எஃப்6

எஃப்6-க்கு வந்த சிப்பாய் ஜி7-இல் மேட் மிரட்டியதால் கறுப்பு வெட்டியே ஆகவேண்டும். இங்கே கடைசிப் பொறி ஒன்று இருக்கிறது. வகுப்பில் இதைக் காட்டாமல் நான் விடுவதில்லை. வெள்ளை அவசரப்பட்டு 26. குதிரை எச்5 என்று ஜி7 மேட்டை மிரட்டினால், கறுப்பு 26... யானை ஈ1 செக்! ராஜா டி2-க்குப் போக முடியாது; ஏ5 ராணி பார்த்துக்கொண்டிருக்கிறது. யானையால் வெட்டியாக வேண்டும். உடனே ராணி ஏ5-இலிருந்து ஈ1-க்கு மூலைவிட்டத்தில் வந்து வெட்டும். மேட். ஜெயித்த ஆட்டம் ஒரே நகர்த்தலில் தலைகீழ். ராணி வருகிற பாதையைப் பாருங்கள்: பி4, சி3, டி2, ஈ1. காவல் நின்ற குதிரை கிளம்பிப்போனதால் சி3 திறந்து கிடக்கிறது. அதன் வழியாகத்தான் அந்த அடி வரும்.

கார்ப்போவ் அதை மறக்கவில்லை.

26. ராணி×எச்7 செக், ராஜா எஃப்8
27. ராணி எச்8 செக்

கொர்ச்னோய் ஒப்புக்கொண்டார். 27... ராஜா ஈ7-க்கு 28. குதிரை×டி5 செக், ராணி அதை வெட்டினால் 29. யானை ஈ1 செக். ராஜா விலகினால் ஈ8 யானை போகும். ராணி குறுக்கே வந்தால் ராணி போகும். எல்லா செக்கும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால், ஈ8 யானை எதிரில் நிற்கும் எச்8 ராணியை வெட்டக் கறுப்புக்கு ஒரு நகர்த்தல்கூடக் கிடைக்காது.

அதற்கப்புறம்

டிராகன் இதனால் செத்துவிடவில்லை. கறுப்பு ஆடுகிறவர்கள் பாடம் கற்றார்கள். 16-வதில் ராணியை ஏ5-க்கு அனுப்பாமல் யானையை ஈ8-க்கு நகர்த்தினால், மந்திரி எச்6 வரும்போது டிராகன் மந்திரி எச்8-க்கு ஒதுங்கி உயிர் பிழைக்கும். இன்னும் முன்பாகவே, 12-வதில், தன் எச் சிப்பாயை எச்5-க்குக் கறுப்பே தள்ளி வெள்ளையின் எச் சிப்பாயை நிறுத்தும் வழி பிரபலமானது; அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் ஆண்ட்ரூ சோல்டிஸின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. அந்தத் தற்காப்பு எவ்வளவு கடினமானது என்பதை நம் ஊர்க்காரர் ஒருவரே உலக சாம்பியன் போட்டியில் அனுபவித்தார். 1995-இல் நியூயார்க்கில் விஸ்வநாதன் ஆனந்த் ஒன்பதாவது ஆட்டத்தில் காஸ்பரோவை வென்று முன்னிலைக்கு வந்தார். பத்தாவதைக் காஸ்பரோவ் வென்றார். பதினோராவதில் யாரும் எதிர்பாராமல் டிராகனை எடுத்து வைத்தார், வென்றார். பதின்மூன்றாவதிலும் டிராகன், மறுபடி கறுப்புக்கே வெற்றி.

கொர்ச்னோய் இந்தத் தோல்விக்குப் பின் ஈ4-க்கு எதிராகப் பிரெஞ்ச் தற்காப்புக்குத் திரும்பினார். அதில் கார்ப்போவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கார்ப்போவ் ஆறாவது ஆட்டத்தையும் பதினேழாவதையும் வென்று 3–0 என்று போனார். போட்டி முடிந்ததுபோலத்தான் இருந்தது. கொர்ச்னோய் விடவில்லை. பத்தொன்பதாவதை வென்றார். இருபத்தொன்றாவதில் கார்ப்போவை 19 நகர்த்தல்களிலேயே வீழ்த்தினார். டிராகன் ஆட்டத்தைவிட எட்டு நகர்த்தல் குறைவு. மிச்சமிருந்த மூன்று ஆட்டங்களும் சமன். இறுதிக் கணக்கு: கார்ப்போவ் 3 வெற்றி, கொர்ச்னோய் 2, சமன் 19.

ஃபிஷர் கேட்ட விதிமுறைகளை உலக செஸ் கூட்டமைப்பு முழுதாக ஏற்கவில்லை; அவரும் ஆட வரவில்லை. 1975 ஏப்ரல் 3 அன்று கார்ப்போவ் உலக சாம்பியனாக அறிவிக்கப்பட்டார். மறு ஆண்டு கொர்ச்னோய் ஆம்ஸ்டர்டாமில் ஒரு போட்டிக்குப் போனவர் சோவியத் நாட்டுக்குத் திரும்பவில்லை. 1978-இல் பிலிப்பைன்ஸின் பாகியோவிலும் 1981-இல் இத்தாலியின் மெரானோவிலும் இருவரும் பட்டத்துக்காக மறுபடி மோதினார்கள், இரண்டிலும் கார்ப்போவ்தான்.

1974 போட்டியில் இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் ஒரே ஒரு வெற்றி. யானை டி3-க்கு வந்த இந்த ஆட்டம் சமனில் முடிந்திருந்தால் 24 ஆட்டங்களுக்குப் பிறகு கணக்கு 2–2.